கல்லறைக்கு ஒரு கட்டுப் புல்

செயின்ட் காஸியன், அயோவா
4 நவம்பர் 1994

வெரீனாவுக்கு,

கல்லறைத் திருநாள் முடிந்து இரண்டு நாளாகிறது. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதாமல் விட்டால் நீ செய்தது சரி என்று ஆகிவிடும்.

என் கணவரின் கல்லறையில் நான் வைத்த வெள்ளைச் சாமந்தித் தொட்டிக்குப் பின்னால், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், உன் வீட்டுப் புல்லைக் கட்டாகக் கட்டிக் கொண்டுவந்து ஊன்றினாய். அது என்னைவிட உயரம். செம்பு நிறத்தில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கல்லறைத் தோட்டம் முழுவதிலும் அது ஒன்றுதான் கண்ணில் பட்டது. என் சாமந்தி அதன் காலடியில், யாரோ மறந்துவிட்டுப் போனதுபோல் இருந்தது.

கல்லறைகளை மந்திரிக்க வந்த புதுச் சாமியார் நேராக உன்னிடம் போனார். உன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்காரர் போன முதல் வருஷம் கஷ்டமாத்தான் இருக்கும்மா" என்றார். பெர்னார்டின் மனைவி நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். "நான் தங்கச்சி, சாமி" என்று சொல்ல உனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்பதைப் பார்த்துக்கொண்டும் இருந்தேன். பிறகு நீ உன் சித்தப்பா மகள் வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போய்விட்டாய். என் வீட்டிலும் காப்பி இருந்தது.

அது அண்ணனின் புல் என்று எல்லோரிடமும் சொல்கிறாய். அக்டோபர் தோறும் அவர் உன் ஊருக்கு வந்து, ரயில் பாதையோரம் உன்னோடு சேர்ந்து பறித்த விதை என்கிறாய். அவருடையது என்றால் அதில் முதல் உரிமை எனக்கு. விதை அனுப்பு. இனி அவர் கல்லறையில் அந்தப் புல் நிற்குமானால் அது என் தோட்டத்திலிருந்து வந்ததாக இருக்கும்.

இப்படிக்கு,
திருமதி பெர்னார்ட் ஹோல்ட்காம்ப்


வில்லோ பிராஞ்ச்
12 நவம்பர் 1994

அண்ணிக்கு,

உங்க கடிதத்தைப் படிச்சுட்டு வீட்டைச் சுத்தி ஒரு நடை நடந்தேன். அப்புறம்தான் பேனாவை எடுக்க முடிஞ்சுது.

சாமியார் கையைப் பிடிச்சா உதறிட்டு ஓடவா முடியும்? தங்கச்சின்னு சொன்னேனே. மெதுவாத்தான் சொன்னேன், அழுதுகிட்டிருந்தேன். எனக்குக் கல்யாணம் ஆகலை, குழந்தை இல்லை. அழறதுக்கு ஒரே ஒரு அண்ணன்தான். அதுக்கும் உங்ககிட்ட அனுமதி வாங்கணுமா?

காப்பி டப்பாவுல விதை அனுப்பியிருக்கேன். நல்லாக் கேட்டுக்குங்க. இந்த வான்கோழிக் கால் புல் ரோஜாச் செடி இல்லை. பனி விழறதுக்கு முன்னாடி தூவிவிட்டு, பூட்ஸ் காலோட மேல நடந்து மிதிச்சுடுங்க. குளிர்ல கிடந்தாத்தான் முளைக்கும். முதல் கோடையில கணுக்கால் உயரத்துக்கு வெட்டிவிடுங்க, களை அதை அமுக்காம இருக்கும். எரு வேண்டாம், தண்ணி வேண்டாம். ரெண்டு வருஷம் மண்ணுக்குக் கீழேதான் வளரும், ஆள் உயரத்துக்கு வேர் இறங்கும். மேல பார்த்தா ஒண்ணுமே இருக்காது. மூணாவது வருஷம் பாருங்க.

டப்பாவை நிரப்பறப்ப அண்ணன் ஞாபகம்தான். பாதையோரத்துல புகுந்து வெளிய வந்தா அவர் கால்சட்டை மடிப்பு ரெண்டும் விதையால நிறைஞ்சு கிடக்கும். "இதோட வீட்டுக்குப் போனா ஒட்டிலியா என்னை வெளியிலேயே நிக்க வெச்சுடுவா"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நாத்தனார்
வெரீனா


செயின்ட் காஸியன்
20 ஜூன் 1995

வெரீனாவுக்கு,

ரோஜாப் பாத்தியை எடுத்துவிட்டு, வீட்டு முகப்பில் மாதா சிலையின் இரண்டு பக்கமும் உன் விதையைப் போட்டேன். நீ சொன்னபடி இறைத்து மிதிக்கவில்லை. கயிறு கட்டி நேர்கோட்டில் விதைத்தேன். மடத்துப் பள்ளியில் சிஸ்டர் அடெல்ஹைட் எங்களுக்குத் தையலில் கற்றுத்தந்தது கைக்கு வந்துவிட்ட பழக்கம்.

வந்திருப்பது என்ன தெரியுமா? கிழவன் தலைமுடிபோல் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு நூல். எதிர்வீட்டு கொர்டூலா வேலியில் சாய்ந்துகொண்டு, "என்ன ஒட்டிலியா, வெங்காயமா போட்டிருக்கே?" என்று கேட்கிறாள். முப்பது வருஷமாக இந்தத் தெருவில் என் புல்தரையைக் காட்டித்தான் மற்றவர்கள் தங்கள் கணவன்மாரைத் திட்டுவார்கள்.

தண்ணீர் ஊற்றாதே, எரு போடாதே என்று நீ எழுதியதைத் திரும்ப எடுத்துப் படித்தேன். உலகத்தில் எந்தப் பயிர் பட்டினியில் வளரும்? உன் புல் மட்டும் உயரமாக நிற்கவேண்டும் என்று உனக்கு இருக்கிறது. விதையைக் கொடுத்ததுபோலவும் ஆயிற்று, அது வராமலும் போயிற்று. என் அக்கா மகன் மாட்டுப் பண்ணையிலிருந்து மக்கிய சாணம் ஒரு வண்டி வந்து இறங்கிவிட்டது. மாலைதோறும் தண்ணீர் விடுகிறேன்.

கால்சட்டை மடிப்பைப் பற்றி எழுதியிருந்தாய். அவரை வெளியில் நிற்கவைத்தது உண்மைதான். உன் வீட்டிலிருந்து திரும்பி வரும்போதெல்லாம் பின்பக்கக் கொட்டகைக்குப் பின்னால் நிற்கவைத்து, காலையும் கோட்டையும் உதறிய பிறகுதான் உள்ளே விட்டேன். என் தரை அப்படி. நீங்கள் இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சிரித்தீர்கள் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும்.

திருமதி பெர்னார்ட் ஹோல்ட்காம்ப்


வில்லோ பிராஞ்ச்
1 ஜூலை 1995

அண்ணிக்கு,

சாணமா? ஒரு வண்டியா?

கெஞ்சிக் கேக்கறேன், நிறுத்திடுங்க. இந்த மண்ணு ஆயிரம் வருஷமா யாரும் எரு போடாம இந்தப் புல்லை வளர்த்தது. நான் எதுக்கு உங்களை ஏமாத்தணும்? உங்க தோட்டத்துல அது நல்லா வந்தா எனக்கு என்ன குறைஞ்சுடும்?

சரி, கொஞ்சம் குறையத்தான் செய்யும். அதுக்காகப் பொய் சொல்ற அளவுக்கு நான் போகலை.

இந்த வருஷம் உங்ககிட்ட கட்டு இருக்காது. அதனால நவம்பருக்கு நான் கொண்டுவரேன். அண்ணன் வெறுங்கையோட இருக்க வேண்டாம்.

வெரீனா


செயின்ட் காஸியன்
15 ஆகஸ்ட் 1996

வெரீனாவுக்கு,

இன்று மாதாவின் விண்ணேற்றத் திருநாள். பூசைக்குப் போய்வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் இதை எழுதுகிறேன்.

உன் கணக்குப்படி இந்த வருஷமும் என் பாத்தியில் ஒன்றும் தெரியக்கூடாது. வந்து பார். ஜன்னல் விளிம்பைத் தாண்டிவிட்டது. மாதா சிலையின் கிரீடத்துக்கு மேலே போய்விட்டது. தண்டு ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் பருமன், இலை கரும்பச்சை. போன நவம்பரில் நீ கொண்டுவந்தாயே, அதன் தண்டு நீலம் பாய்ந்து ஒல்லியாக இருந்தது. பட்டினி கிடந்தது என்று பார்த்தவுடன் தெரிந்தது. அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை, சாமியார் பக்கத்தில் இருந்தார்.

கொர்டூலா இப்போது வேலியில் சாய்வதில்லை. பேச்சே இல்லை. அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆல்வினைத்தான் நிறுத்திவிட்டேன். கொட்டகைப் பக்கமெல்லாம் அரிவாள் பிடித்து வெட்டிக்கொண்டிருந்தவன். வசந்தத்தில் வந்தபோது மாதா சிலையைப் பார்த்துவிட்டு, "முன்னாடி காட்டை வளக்கறீங்க, பின்னாடி மட்டும் என்னை வெட்டச் சொல்றீங்களேம்மா" என்று பல்லைக் காட்டினான். இந்த வருஷம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பின்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள்?

நவம்பருக்கு நீ எதுவும் கொண்டுவர வேண்டாம். வெறுங்கையோடு வந்து பார்த்துவிட்டுப் போ.

திருமதி பெர்னார்ட் ஹோல்ட்காம்ப்


வில்லோ பிராஞ்ச்
24 ஆகஸ்ட் 1996

அண்ணிக்கு,

வயித்தெரிச்சலாத்தான் இருக்கு. மறைக்கலை. என் புல்லு இந்த வருஷம் தோள் உயரம்தான் வந்திருக்கு, மழை கம்மி.

சரி, கொண்டுவரலை. வாக்குக் கொடுத்துட்டேன்.

ஆனா ஒரு நல்ல மழை பெய்ஞ்சதுக்கு அப்புறம் எனக்கு எழுதுங்க.

வெரீனா


செயின்ட் காஸியன்
23 செப்டம்பர் 1996

வெரீனாவுக்கு,

மழை பெய்தது. நீ விரும்பியபடியே நடந்தது.

சனிக்கிழமை இரவு காற்றும் மழையும். காலையில் ஜன்னல் திரையை விலக்கினேன். நின்ற இடத்தில் ஒன்றுகூட இல்லை. முழுப் பாத்தியும் நடைபாதைமேல் விழுந்து, மாடு படுத்து எழுந்த இடம்போல் கிடந்தது. பூசைக்குப் போகிறவர்கள் அதைத் தாண்டிக் காலைத் தூக்கிவைத்துப் போனார்கள். நான் மூங்கில் குச்சி ஊன்றி, என் பழைய காலுறைகளைக் கிழித்துக் கட்டி நிமிர்த்திப் பார்த்தேன். கட்டிய இடத்திலேயே தண்டு மடிந்தது. கொர்டூலா தன் வீட்டுக் கயிற்றைக் கொண்டுவந்து, "வேணுமா ஒட்டிலியா?" என்று அவ்வளவு அன்பாகக் கேட்டாள்.

அந்த மழைக்கு உன் புல் விழுந்ததா? விழுந்திருக்காது. உனக்கு நல்ல விதை, எனக்குச் சொத்தை. இதில் எனக்கு இனிச் சந்தேகமில்லை. மழை பெய்ததும் எழுது என்றாயே, விழும் என்று தெரிந்துதானே எழுதினாய்? உன் காப்பி டப்பாவைத் திருப்பி அனுப்புகிறேன். கழுவித்தான் அனுப்புகிறேன்.

திருமதி பெர்னார்ட் ஹோல்ட்காம்ப்


வில்லோ பிராஞ்ச்
30 செப்டம்பர் 1996

அண்ணிக்கு,

விழும்னு தெரியும். முதல் கடிதத்துலேயே சொன்னேன், கெஞ்சியும் சொன்னேன். என் தோட்டத்துப் புல்லுல உருவின விதைதான் உங்ககிட்ட இருக்கறதும். எருவும் தண்ணியும் கிடைச்சா அதுக்கு வேர் இறக்கணும்னு தோணாது. மேல கொழுத்துப்போய், முதல் காத்துக்குப் படுத்துடும். என்னுது ஒல்லி, பட்டினி, நீலம். நிக்குது.

எழுதக்கூடாதுன்னு நினைச்சதை நீங்கதான் எழுத வைக்கறீங்க. என் அண்ணனையும் நீங்க அப்படித்தான் வெச்சிருந்தீங்க. கைக்குட்டைக்குக்கூட இஸ்திரி. மணி அடிச்சாச் சோறு. எந்தச் சட்டை, எந்த நாற்காலி, யாரோட எவ்வளவு நேரம் பேசலாம், எல்லாம் உங்க கணக்கு. அக்டோபர்ல இங்க வந்து அந்தப் பாதையோரத்துல நின்னப்பதான் அவர் நிமிர்ந்து நின்னு நான் பார்த்தேன்.

வாக்குக் கொடுத்தேன், கட்டு கொண்டுவர மாட்டேன்னு. உங்ககிட்டயும் இல்லை. இந்த நவம்பர்ல அவர் தலைமாட்டுல ஒண்ணும் இருக்காது. சாமந்தியை வெச்சுக்குங்க.

வெரீனா


செயின்ட் காஸியன்
13 அக்டோபர் 1996

வெரீனாவுக்கு,

உனக்கு இனி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். உன் கடைசிக் கடிதத்துக்குப் பதில் எழுதுவது என் மரியாதைக்குக் குறைவு. இது பதில் அல்ல. ஒரு செய்தி.

பாத்தியில் விழுந்து கிடந்ததையெல்லாம் நேற்று நானே அறுத்தேன். தள்ளுவண்டியில் போட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கொட்டப் போனேன். ஆல்வின் வராததால் இந்தக் கோடை முழுக்க அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. மூலையைத் திரும்பியவள் வண்டியை அப்படியே விட்டுவிட்டேன்.

கொட்டகைக்குப் பின்புறம், வீட்டு ஜன்னலிலிருந்து தெரியாத இடத்தில், அவர் தொப்பி மாட்டும் ஆணிக்கு நேர் கீழே, வான்கோழிக் கால் புல். கொட்டகைக் கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஒரு தண்டு சாயவில்லை. அதே மழை, அதே காற்று. உச்சியில் ஒவ்வொரு கதிரும் மூன்று விரலாகப் பிரிந்து, உன்னுடையதைவிட ஆழ்ந்த சிவப்பு. பக்கத்தில் போய்க் கையால் தொட்டுப் பார்த்தேன். பிறகு உட்கார ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன்.

என் பாத்தி விதை பறந்துபோய் முளைத்ததோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் அடித்தூர் என் இரண்டு கை சேர்ந்தாலும் பிடிபடாத அகலம். ஆல்வினைக் கூப்பிட்டனுப்பினேன். முறுக்கிக்கொண்டுதான் வந்தான். பார்த்ததும், "இதுவா? நான் இங்க வெட்ட வந்த நாள்லேர்ந்து இருக்கும்மா. அரிவாளை மழுக்கிடும். வளர விட்டதில்லை, அதான் உங்களுக்குத் தெரியலை" என்றான்.

அங்கேதான் அவர் உதறுவார், வெரீனா. வேறெங்கும் இல்லை, சரியாக அந்த இடத்தில். உன் வீட்டிலிருந்து வரும் ஒவ்வொரு அக்டோபரிலும் உதறி முடித்து வந்து சமையலறை ஜன்னலைத் தட்டி, "உதறிட்டேன், ஒட்டிலியா. வரலாமா?" என்பார். நான் எட்டிப் பார்த்து, "இடது கால்" என்பேன். சில வருஷம் அவர் வேண்டுமென்றே இடது காலை விட்டுவைப்பார் என்பது எனக்குத் தெரியும். அது உன்னிடம் சொல்லிச் சிரிக்காத சிரிப்பு.

இப்போது நீயே சொல். என் கண்டிப்பைச் சொல்லிக்காட்டினாய். நான் அவரைக் கண்டபடி உள்ளே விட்டிருந்தால் அந்த விதையெல்லாம் குப்பைக்குப் போயிருக்கும். அவரை அங்கே நிற்கவைத்தவள் நான். எருவும் இல்லை, தண்ணீரும் இல்லை. வருஷாவருஷம் வெட்டச் சொல்லியிருக்கிறேன், அப்படியும் நிற்கிறது. உன் தோட்டத்துப் புல்லை யார் கை விதைத்தது என்று எனக்குத் தெரியாது. இது அவர் விதைத்தது. என் வாசலில்.

நவம்பர் இரண்டாம் தேதி இதிலிருந்து ஒரு கட்டு அவர் தலைமாட்டில் நிற்கும்.

திருமதி பெர்னார்ட் ஹோல்ட்காம்ப்


வில்லோ பிராஞ்ச்
20 அக்டோபர் 1996

அண்ணிக்கு,

உங்க கடிதத்தைப் படிச்சு மடிச்சு அலமாரியில வெச்சேன். திரும்ப எடுத்தேன். "இடது கால்" வர்ற இடம் வரைக்கும் படிச்சுட்டு மறுபடி வெச்சுட்டேன்.

நீங்க பொய் சொல்றீங்கன்னு நினைக்கப் பார்த்தேன். முடியலை. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க, அதுதான் உங்ககிட்ட எப்பவும் கஷ்டம்.

இங்க அவர் உதறினதே இல்லை, அண்ணி. நான்தான் விட மாட்டேன். "இருக்கட்டும் அண்ணே, உள்ள வா, ரூபார்ப் கேக் ஆறிடும்"னு அப்படியே கூட்டிட்டு வந்துடுவேன். சமையக்கட்டு முழுக்க இறைஞ்சு கிடக்கும். மறுநாள் பெருக்கி அடுப்புல போட்டுடுவேன். எவ்வளவு போட்டிருப்பேன்னு நேத்து ராத்திரி முழுக்க அதே நினைப்பு. என் தோட்டத்துல இருக்கறதை விதைச்சது நான். அவர் வேலியில கையை வெச்சுக்கிட்டு, "கொஞ்சம் அந்தப் பக்கம் போடு வெரீனா"ன்னு சொன்னார். அவ்வளவுதான். அதை வெச்சுத்தான் அண்ணன் புல்லுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டேன்.

ஒரு பிடி விதை கேக்கலாமான்னு நினைச்சேன். தர மாட்டீங்க. உங்க இடத்துல நான் இருந்தா நானும் தர மாட்டேன்.

நவம்பருக்கு நான் வரலை. கார் சரியில்லைன்னு எழுதலாம்னு பார்த்தேன், கார் நல்லாத்தான் ஓடுது. அந்தக் கட்டுக்குப் பின்னால நின்னு சாமியார் உங்க கையைப் பிடிக்கறதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. எனக்கும் சேர்த்து ஒரு மெழுகுவத்தி ஏத்திடுங்க.

வெரீனா


செயின்ட் காஸியன்
25 அக்டோபர் 1996

அன்புள்ள வெரீனாவுக்கு,

நீ வராவிட்டால் நான் யாருக்குக் காட்டுவது?

கொர்டூலாவைப் பின்பக்கம் அழைத்துப்போய்க் காட்டினேன். "எலி வரும், வெட்டிடு" என்றாள். சாமியாரிடம் சொன்னேன். அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இந்த ஊருக்கு அது வெறும் புல். அது எவ்வளவு உயரம், உச்சியில் என்ன நிறம், யார் காலிலிருந்து விழுந்தது என்று தெரிந்து, பார்த்தவுடன் வயிறு எரிய உன்னைவிட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை.

ஆகவே நீ வருகிறாய். மெழுகுவர்த்தியை நீயே ஏற்று. நீ கொடுத்த வாக்கிலிருந்து உன்னை விடுவிக்கிறேன். உன் கட்டையும் கொண்டுவா. என்னுடையதைவிட உயரமாக இருந்தால் மட்டும் அடியில் வெட்டிக்கொண்டு வா. தோள் உயரம் என்று நீயே எழுதியிருக்கிறாய், ஆகையால் அதிகம் வெட்ட வேண்டியிருக்காது. சாமியார் வந்தால் "தங்கச்சி" என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் அழு.

விதையைத் தபாலில் அனுப்புவதாக இல்லை. டப்பாவோடு வந்து உன் கையால் உருவிக்கொள். தூரில் கொட்டகைச் சுவரை ஒட்டிய பக்கத்தை மட்டும் தொடாதே, அது எனக்கு.

உன் சித்தப்பா மகள் வீட்டுக்குப் போகாதே. காப்பி இங்கே. ரூபார்ப் கேக் எனக்கும் செய்யத் தெரியும். அவர் உன்னுடையதுதான் உசத்தி என்று ஒருமுறை வாய்தவறிச் சொன்னதிலிருந்து செய்யவில்லை. இந்தத் தடவை செய்கிறேன், நீயே சாப்பிட்டுப் பார்.

முன்வாசல் வழியாக வராதே. கட்டைத் தூக்கி வருவதில் உன் கோட்டு முழுக்க விதை ஒட்டியிருக்கும், என் தரைக்கு அது ஆகாது. கொட்டகைக்குப் பின்னால் அந்த ஆணியடியில் நின்று நன்றாக உதறு. ஜன்னலைத் தட்டு. நான் பார்த்துச் சொன்ன பிறகு உள்ளே வா.

ஒட்டிலியா